மெஷினுக்குத் தேய்மானம் உண்டு, ஃபிட்டருக்கு?

கேள்வி இதுதான்: "வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சொல்கிறார்கள். மெஷின், கட்டடம் மாதிரியான முதலீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். படிப்பு, பயிற்சி என்று மனிதர்கள் மேல் போடுகிற பணத்துக்கும் அது பொருந்துமா? நம் நாட்டில் நிஜமாக என்ன நடந்தது?"

நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. திருப்பூர், பல்லடம் பக்கத்து நிட்டிங், பிரிண்டிங், பனியன் கம்பெனிகளுக்கு வரிக் கணக்குப் பார்க்கிறவன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்துதான் சொல்ல முடியும். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வருமான வரிச் சட்டம் 2025-ல் புதிதாக வந்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று ஆனது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. எல்லோருக்கும் பழக்கமான பழைய எண்களையே இங்கே சொல்கிறேன்.

முதலில் மெஷின். ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம் இருபது லட்சத்துக்குப் புது நிட்டிங் மெஷின் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் தேய்கிறது என்று அதன் விலையில் வருஷாவருஷம் கழித்துக்கொள்வதுதான் தேய்மானம், சாதாரணமாக 15%. உற்பத்தித் தொழில் என்பதால் புது மெஷினுக்கு முதல் வருஷம் கூடுதலாக 20%. ஆக 35%, அதாவது ஏழு லட்சத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பார்ட்னர்ஷிப்புக்கு வரி, அதன் மேல் போடும் செஸ் சேர்த்து 31.2%. முதல் வருஷமே 2,18,400 ரூபாய் வரி மிச்சம். ஆனால் மெஷின் பயன்பாட்டுக்கு வந்து அந்த வருஷத்தில் 180 நாள் ஆகவில்லையென்றால் பாதிதான், கூடுதல் தேய்மானத்தின் மீதிப் பாதி அடுத்த வருஷத்துக்குப் போகும். அதனால்தான் செப்டம்பர் கடைசியில் எங்கள் ஊரில் மெஷின் இறக்குகிற கிரேனுக்கு அவ்வளவு கிராக்கி. அக்டோபர் பத்தாம் தேதி வாங்குவதற்கும் செப்டம்பர் 28-ல் வாங்குவதற்கும் துணியில் ஒரு வித்தியாசமும் கிடையாது, வரியில் உண்டு. வரிச்சலுகை எதை மாற்றுகிறது என்பதற்கு இது சின்ன உதாரணம், வாங்குவதா வேண்டாமா என்பதைவிட எப்போது வாங்குவது என்பதைத்தான் அது அதிகம் மாற்றுகிறது.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் காற்றாலைதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போனவர்களுக்கும் பல்லடம், உடுமலை பக்கம் சுற்றியவர்களுக்கும் தெரியும், காடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் பல காற்றுக்காக மட்டும் நட்டவை இல்லை. தொண்ணூறுகளில் காற்றாலை போட்டால் அதன் விலை முழுவதையும், 100%, முதல் வருஷமே கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மின்சாரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட அந்த வருஷ லாபத்தை மறைக்க இடம் தேடி வந்து நட்டார்கள். நட்டால் சலுகை கிடைத்துவிடுகிறது, அப்புறம் அது சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன? காற்று சரியில்லாத இடத்திலும் தரமில்லாத மெஷின்கள் நின்றன. 1996-97 வாக்கில் குறைந்தபட்ச மாற்று வரி, நாங்கள் 'மேட்' என்று சொல்வது, வந்தது. எவ்வளவு கழிவு காட்டினாலும் கணக்குப் புத்தகத்தில் காட்டுகிற லாபத்தின் மேல் கொஞ்சமாவது வரி கட்டு என்பது அதன் பொருள். அதோடு அந்த அலை படுத்துவிட்டது, காரணம் மேட் ஒன்று மட்டுமில்லை என்றாலும்.

அப்புறம் சலுகை 80% என்று இருந்தது. அந்தக் காலக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு கோடிக்கு ஒரு காற்றாலை என்றால் 4.8 கோடி முதல் வருஷத் தேய்மானம், அன்றைக்குக் கம்பெனிகளுக்குச் சர்சார்ஜ், செஸ் சேர்த்து சுமார் 33% வரி, ஒன்றரைக் கோடிக்கு மேல் வரி அந்த வருஷம் கட்ட வேண்டியதில்லை. சும்மா கிடைக்கிற பணம் இல்லை அது, பின்னால் வருகிற வருஷங்களில் கழிக்கத் தேய்மானம் மிஞ்சாது, அப்போது வரி கூடும். ஒரு வகையில் அரசாங்கம் கொடுக்கிற வட்டியில்லாக் கடன். ஆனால் ஸ்பின்னிங் மில் நடத்துகிறவருக்கு வட்டியில்லாக் கடன் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

2012 ஏப்ரலில் அந்த 80%-ஐ எடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க 2011-12-ல் ஏறக்குறைய 3,200 மெகாவாட் புதிதாக நிறுவியிருந்தார்கள், அடுத்த வருஷம் அது 1,700 அளவுக்கு இறங்கியது. இதைக் காட்டி "பார், வரிதான் எல்லாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி நேராகச் சொல்லிவிட முடியாது. அதே சமயத்தில்தான் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா தருகிற இன்னொரு சலுகையும் முடிந்துபோனது. தமிழ்நாட்டில் மின்வாரியம் பணம் தருவதில் தாமதம், லைன் கிடைக்காமல் ஆலையை நிறுத்திவைப்பது என்று தனிப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. 2014-ல் 80% திரும்பி வந்தது, 2017 ஏப்ரலில் 40% ஆனது. அதற்கு முந்தின வருஷம், 2016-17-ல், 5,500 மெகாவாட்; அடுத்த வருஷம் 1,800-கூட இல்லை. அதிலும் குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறவருக்கே வாய்ப்பு என்ற ஏலமுறை வந்தது என்ற இன்னொரு காரணம் கலந்திருக்கிறது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிச்சமிருக்கிறது: புதிதாகப் போடுகிற மெஷினைக் குறிவைத்துத் தருகிற சலுகைக்கு ஆட்கள் ஓடி வருகிறார்கள். அது முடியப்போகிறது என்றால் இன்னும் வேகமாக ஓடி வருகிறார்கள். அந்த 50 பைசா திட்டத்தில் காற்றாலை சுற்றினால்தான் காசு, தேய்மானத்தில் நின்றாலே காசு. எது நல்ல வரிக்கொள்கை என்று கேட்டால் நான் 50 பைசா பக்கம்தான் நிற்பேன்.

இனி 2019-க்கு வருவோம். செப்டம்பர் 20-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனிகளுக்கான வரியை அவசரச் சட்டம் போட்டு 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 25.17%. 2024 மார்ச்சுக்குள் புதிதாக உற்பத்தி தொடங்கிய கம்பெனிக்கு 15%, எல்லாம் சேர்த்து 17.16%. இதனால் அரசுக்கு வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். நிபந்தனை என்னவென்றால், 22% வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் 20% தேய்மானம் உட்படப் பல சலுகைகளை விட்டுவிட வேண்டும்.

இந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள், பெரும்பாலான விவாதங்கள் இங்கேதான் குழம்புகின்றன. தேய்மானச் சலுகை புதிதாக மெஷின் வாங்கினவருக்கு மட்டும் போகிறது. விகிதக் குறைப்பு பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கின மெஷின் இன்றைக்குச் சம்பாதிக்கிற லாபத்துக்கும் போகிறது. பழைய மெஷினைத்தான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே, அதற்கு எதற்குப் பரிசு? அதாவது 1.45 லட்சம் கோடியில் பெரும்பங்கு, எப்படியும் வந்திருக்கப்போகிற லாபத்தின் மேல் விட்டுக்கொடுத்த பணம். அதோடு வரி விகிதம் குறையும்போது கழிவின் மதிப்பும் குறைகிறது. நூறு ரூபாய்த் தேய்மானம் 30% வரியில் முப்பது ரூபாயை மிச்சப்படுத்தும், 22%-ல் இருபத்திரண்டைத்தான்.

ஆறு மாதத்தில் கொரோனா வந்துவிட்டதால் இதன் பலனைச் சுத்தமாகப் பிரித்துப் பார்ப்பது கடினம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசாங்கத்தின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கையே, 2023-24-க்கானது, கொஞ்சம் கடுப்போடுதான் எழுதியது. 2019-20-க்கும் 2022-23-க்கும் இடையில் கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் கிட்டத்தட்ட நாலு மடங்கானது. ஆனால் 2022-23 வரையிலான நாலு வருஷத்தில் தனியார் துறை மெஷின், கருவிகள், அறிவுசார் சொத்து ஆகியவற்றில் போட்ட முதலீடு மொத்தமாகவே 35%தான் வளர்ந்தது. வீடு, கட்டடம் என்று போட்டது 105%. ஆள் எடுப்பதும் சம்பளம் உயர்த்துவதும் லாபத்தோடு சேர்ந்து வளரவில்லை என்றும் அதே அறிக்கை குறைப்பட்டுக்கொண்டது. இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருக்கிற மெஷினுக்கே ஆர்டர் இல்லாதபோது வரி குறைந்தது என்பதற்காக யாரும் இன்னொரு மெஷின் வாங்க மாட்டார்கள். கடனை அடைப்பார்கள், இடம் வாங்கிப் போடுவார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான யூனிட்டுகள் பார்ட்னர்ஷிப் அல்லது தனி உரிமையாளர் வகை, அவர்களுக்கு 22% கிடையவே கிடையாது. டிவியில் செய்தி பார்த்துவிட்டு சந்தோஷமாக போன் பண்ணினவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

சரி, மனிதர்கள். நீங்கள் கேட்டதில் இதுதான் நிஜமான கேள்வி.

படிப்பு என்பதும் முதலீடுதான். இன்றைக்குச் செலவு, பின்னால் வரவு. ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது சொந்தச் செலவு, தீபாவளிக்குத் துணி எடுப்பது மாதிரி. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் மாலை வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடக் கற்றுக்கொள்கிறார், ஐம்பதாயிரம் ஃபீஸ். அவருடைய சம்பள வருமானத்திலிருந்து அதில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. அதே ஐம்பதாயிரத்துக்கு அவருடைய முதலாளி ஒரு பிரிண்டர் வாங்கினால் தேய்மானம் உண்டு. பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸுக்கு 80-சி பிரிவில் கழிவு இருக்கிறது, எல்.ஐ.சி., பி.எஃப். எல்லாவற்றோடும் சேர்த்து ஒன்றரை லட்சம்தான் வரம்பு. கல்விக்கடனுக்கு 80-இ இருக்கிறது, வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை, எட்டு வருஷம் வரை. இரண்டுமே பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில், 2023-24-லிருந்து அதுதான் இயல்பான முறை, இரண்டும் கிடையாது. கடன் வாங்கிப் படிக்க வைத்தால் கொஞ்சம் சலுகை, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் படிக்க வைத்தால் கடனுக்குள்ள சலுகை இல்லை. இதன் நியாயம் எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

இதை வைத்து "படிப்புக்கு அநியாயம்" என்று முடித்துவிடலாம்தான், ஆனால் அது அரைகுறைக் கணக்கு. படிப்பின் பெரிய செலவு பல சமயம் ஃபீஸ் இல்லை, படிக்கிற காலத்தில் விட்ட சம்பளம். மாதம் இருபதாயிரம் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் மேல்படிப்புப் படிக்கிற பையன் 4.8 லட்சத்தை விடுகிறான். வாங்காத சம்பளத்துக்கு வரி கிடையாது, அதாவது அந்த முதலீடு முழுவதும் தானாகவே வரிக்கழிவு பெற்ற மாதிரி. எல்லோருக்கும் ஒரே 20% வரி என்றிருந்தால் அவன் கையை விட்டுப் போவது 3.84 லட்சம்தான், பின்னால் வருகிற கூடுதல் சம்பளத்திலும் அதே 20% போகும். போனதும் வருவதும் ஒரே அளவு வெட்டுப்படுவதால் படிப்பது லாபமா நஷ்டமா என்ற கணக்கு மாறாது. விகிதம் படிப்படியாக ஏறுகிற நம் முறையில்தான் மாறுகிறது. மாதம் இருபதாயிரம் வாங்கும்போது வரியே இல்லை, எனவே விட்டது முழு 4.8 லட்சம். பிறகு வருஷம் 16 லட்சத்தைத் தாண்டினால் மேலே வருவதில் 20%, 24 லட்சத்துக்கு மேல் 30%. படிப்பின் மேல் வரி விழுகிறது என்றால் இந்த இடைவெளியில்தான்.

ஆனால் இந்தியாவில் எத்தனை பேருக்கு இது பொருந்தும்? 2025-26-லிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை, வருமான வரியே இல்லை. என்னிடம் வருகிற கம்பெனிகளில் வேலை பார்க்கும் டெய்லர், செக்கிங் பெண்கள், ஃபிட்டர், சூப்பர்வைசர் யாருடைய பிள்ளையும் 'மார்ஜினல் ரேட்' (கூடுதலாகச் சம்பாதிக்கிற ரூபாய்க்கு விழும் வரி விகிதம்) பார்த்து காலேஜ் சேர்வதில்லை. வரி அவர்களை வேறு வழியாகத் தொடுகிறது. பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு, ஆனால் கோச்சிங் சென்டர் ஃபீஸுக்கு 18%. நீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டுகிற வீட்டில் அந்த 18% நேராக வலிக்கும், அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. மெஷின் வாங்கின முதலாளி தான் கட்டின ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதமே வரவில் எடுத்துக்கொள்கிறார். நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து வரி இல்லை, நல்லது.

என் கருத்தில் வரி எங்கே வசூலாகிறது என்பதைவிட அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் மனித மூலதனத்துக்கு, அதாவது படிப்பாலும் பயிற்சியாலும் மனிதர்களிடம் சேர்கிற திறமைக்கு, பெரிய விஷயம். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக விரித்தபோது அது வீண் செலவு என்றவர்கள் இருந்தார்கள். தேய்மான அட்டவணையில் அதற்கு இடம் கிடையாது, ஆனால் இரண்டு தலைமுறையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்த முதலீடு அது. 2022 செப்டம்பரில் தொடங்கின காலை உணவும், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்கும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும் அதே வகைதான். மேலே சொன்னேனே, படிப்பின் பெரிய செலவு விட்ட சம்பளம் என்று, அந்த ஆயிரம் ரூபாய் சரியாக அந்த இடத்தில் போய் உட்காருகிறது. மில்லுக்கு அனுப்புவதா காலேஜுக்கு அனுப்புவதா என்று யோசிக்கிற வீட்டில் எந்த வரிக்கழிவும் செய்யாததை அது செய்யும். 2021-22 கணக்கில் உயர்கல்வியில் சேர்கிறவர்கள் தமிழ்நாட்டில் 47%, நாட்டில் 28.4%. இதற்கு இடஒதுக்கீடு, கட்டணமில்லாப் பேருந்து, ஊருக்கு ஊர் முளைத்த கல்லூரி என்று காரணங்கள் நிறைய, வருமான வரிப் பிரிவு எதையும் நான் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். நாம் வருமான வரியோடு கட்டுகிற 4% சுகாதார, கல்வி செஸ்ஸோ மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தைப் பெரும்பாலும் நடத்துவது மாநிலம்.

கல்லூரி என்றதும் நினைவுக்கு வருகிறது. கல்வி அறக்கட்டளைகளுக்கு வருமான வரி விலக்கு உண்டு, வருமானத்தில் 85% அதன் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். அதில் கட்டடம் கட்டினாலும் செலவுதான், பேராசிரியருக்குச் சம்பளம் கொடுத்தாலும் செலவுதான். சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கிறது. ஆனால் கட்டடம் சொத்தாக நிற்கும், பாங்கில் அடமானம் வைக்கலாம், சம்பளம் போனால் போனதுதான். பிறகு என்ன நடக்கும்? மார்ச் வந்தால் புது பிளாக்குக்கு அஸ்திவாரம். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின காலத்தில் பைபாஸ் ரோடு ஓரம் அரண்மனை மாதிரி முகப்புகளும் உள்ளே அனுபவமில்லாத ஆசிரியர்களும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மனித மூலதனத்துக்கென்று விட்டுக்கொடுத்த வரி சிமெண்ட்டாகப் போய் நின்றது.

அப்புறம் தொழிற்சாலைக்குள் தருகிற பயிற்சி. இதில் வரிச் சட்டம் உண்மையிலேயே தாராளம், பலர் கவனிப்பதில்லை. ஒரு முதலாளி தன் ஆட்களுக்குப் பயிற்சி தரச் செலவழித்தால் அது முழுக்க அந்த வருஷச் செலவு. மெஷினுக்கு 35%தான், பயிற்சிக்கு 100%. வரி மட்டும்தான் தடை என்றால் திருப்பூரில் தெருவுக்கு ஒரு பயிற்சிக்கூடம் இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை? மெஷினுக்குப் பக்கத்து கம்பெனி இருநூறு ரூபாய் ஷிப்ட்டுக்குக் கூடத் தருகிறேன் என்றால் அது எழுந்து போகாது. ஃபிட்டர் போவார், போகவும் வேண்டும், அவர் திறமை அவருடையது. மெஷினை அடமானம் வைத்து பாங்க் கடன் தரும், ஃபிட்டரின் கைப்பழக்கத்துக்குத் தராது. இந்தப் பள்ளத்தை வரிக்கழிவால் நிரப்ப முடியாது. முதலாளியின் மகனை வெளிநாட்டுக்கு டெக்ஸ்டைல் படிக்க அனுப்பிவிட்டு கம்பெனிச் செலவில் எழுதலாமா என்று கேட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், கோர்ட்டில் ஜெயித்தவர்களும் உண்டு தோற்றவர்களும் உண்டு. ஃபிட்டரின் மகனை அனுப்பிவிட்டு அப்படிக் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

ஆள் எடுப்பதற்கென்றே 80-ஜேஜேஏஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. புதிதாகச் சேர்த்த ஆட்களின் சம்பளத்தில் 30% கூடுதலாக மூன்று வருஷம் கழித்துக்கொள்ளலாம், 22% வரி எடுத்த கம்பெனிக்கும் இது உண்டு. வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், ஆடைத் தொழிலுக்கு 150 நாள் போதும். நல்ல பிரிவு. ஆனால் மாதச் சம்பளம் 25,000-க்குள் இருக்கிறவர்தான் கணக்கில் வருவார். பத்துப் பேரைப் பதினைந்தாயிரத்துக்கு எடுத்தால் சலுகை, நன்றாகத் தேர்ந்த ஐந்து பேரை முப்பதாயிரத்துக்கு எடுத்தால் இல்லை. பிரிவு தலைகளைத்தான் எண்ணுகிறது. திறன் மேம்பாட்டுச் செலவுக்கு ஒன்றரை மடங்கு கழிவு தருகிற பிரிவு ஒன்று, 35-சிசிடி, இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அது ஒரு மடங்காகிவிட்டது, ஆராய்ச்சிச் செலவுக்கும் அதே கதைதான். விகிதத்தைக் குறைத்துவிட்டுச் சலுகைகளை ஒழிப்பது சுத்தமான வரிமுறை என்று பாடம் சொல்லும், பொதுவாக நானும் ஆமோதிப்பேன், ஆனால் ஒழிக்கும்போது எது பழைய லாபத்துக்குப் போன சலுகை, எது புது முதலீட்டை இழுத்த சலுகை என்று பிரித்துப் பார்த்து ஒழித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் என்னிடம் கணக்குப் பார்க்கிற ஒருவர் செப்டம்பர் 26-ல் ஒரு மெஷின் இறக்கினார். 180 நாள் கணக்குக்காகத்தான், நான்தான் தேதியைச் சொன்னேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. அதை ஓட்டத் தெரிந்த ஃபிட்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை, வேறு ஊரில் நல்ல சம்பளம் கிடைத்துவிட்டது. இவர் இரண்டாவதாக யாரையும் பழக்கி வைக்கவில்லை. ஜனவரியில் ஸ்டாக் பார்க்கப் போனபோது மெஷின் மேல் தார்பாய் போட்டு மூடியிருந்தது. மார்ச்சில் நான் அதற்கு 35% தேய்மானம் எழுதினேன், சட்டப்படி சரியான கணக்குதான்.